சின்ன நம்பர்

கருணாகரனுக்கு ரத்தப் பரிசோதனையில் வந்த எண் சின்னது. அதில் அவனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். மாரடைப்பு வந்து படுத்திருக்கிற மனுஷன் பண்ணுகிற காரியமா இது என்று அவன் மனைவி புஷ்பவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டிரோபோனின் என்று அதற்குப் பெயர். வாயில் நுழையாத அந்தச் சமாச்சாரத்தை வார்டு ஆண்கள் மீன் ஏலம் மாதிரி ஆக்கிவிட்டார்கள். யாருக்கு எத்தனை என்பதே பேச்சு. பக்கத்துக் கட்டிலில் நீலமேகம், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவருக்கு ஆயிரக்கணக்கில் வந்திருந்தது.

"ஒன்னுது வஞ்சிரம் மாமு, என்னுது நெத்திலி," என்று அவரைப் பார்த்துச் சிரித்தான் கருணாகரன். அவன் விசைப்படகு டிரைவர். மீன்பிடித் தடைக்காலம் முடிகிற அன்றே கடலுக்குப் போய்த் தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றான்.

"இத்துனூண்டு நம்பருக்கு, காசிமேடே வேடிக்க பாக்க ஆட்டோல அள்ளிப் போட்டுகினு வந்துட்டியேமே. மானமே பூட்ச்சு," என்று மனைவியிடம் எகிறினான்.

புஷ்பவல்லி பல்லைக் கடித்துக்கொண்டாள். நடுக்கடலில் மறுபடி வலித்தால் எந்த ஆட்டோ வரும்? மருந்து கொடுக்க வந்த சிஸ்டர் டோரதியிடம் முறையிட்டாள்.

டோரதி மாத்திரையை அவன் கையில் கொட்டினாள். "இதயத்துல சதை செத்தா அதுலருந்துதாண்ணே இது ரத்தத்துல கலக்குது. நெறைய செத்தா நெறைய. வலி வந்த ஒடனே ஒங்க சம்சாரம் கூட்டியாந்தாங்க, அடைப்பை எடுத்தாச்சு, அதான் கம்மி. ஆனா செத்தது செத்ததுதான். அந்தப் புண்ணு ஆறாம நீங்க கடலுக்குப் போகக் கூடாது."

கருணாகரன் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தான். புஷ்பவல்லிக்கு உச்சி குளிர்ந்தது. நாலு பேர் கேட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். நீலமேகத்தின் மனைவி ரமாபாய் கேட்டிருந்தாள். அவள் முகம் செத்துப்போயிருந்தது.

"நான் சோடா ஒடைச்சு குடுத்தேன்க்கா," என்றாள் ரமாபாய் மெதுவாக. "வாயுதான்னு சொல்லிப் படுக்க வெச்சேன். விடியட்டும்னு பாத்துகினு இருந்தேன்."

புஷ்பவல்லிக்குச் சுருக்கென்றது. தனக்குக் கிடைத்த பாராட்டு இன்னொருத்தி தலையில் இப்படி இடியாக விழும் என்று அவள் கண்டாளா? "எங்க வூட்டு வாசல்லயே ஆட்டோ நின்னுகினு இருந்துச்சுக்கா, அதான்," என்று பொய் சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை.

கண்ணை மூடியிருந்த நீலமேகம் தூங்கவில்லை. "சோடா கேட்டது நானு. வாயுன்னு சொன்னதும் நானு. நீ ஆஸ்பத்திரிக்குப் போலாம்னுதான் அழுதே ரமா," என்றார். அதைச் சொல்வதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது. நிஜமா, மனைவிக்காகச் சொன்னதா என்று புஷ்பவல்லிக்குத் தெரியவில்லை. ரமாபாய் அவர் காலைப் பிடித்துக்கொண்டு இல்லை இல்லை என்று தலையாட்டினாள்.

கருணாகரன் அந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு போனை எடுத்துப் படகு முதலாளியை அழைத்தான்.

"வேற டிரைவரைப் பாத்துக்க நைனா. எனக்கு ஹார்ட் அட்டாக் வந்துகீது."

இத்தனை நாளும் யார் கேட்டாலும் லேசான வலி என்றுதான் சொல்லிவந்தான். புஷ்பவல்லி அப்போதுதான் அழுதாள்.