இரண்டாவது சொல்

1

இந்தக் கதை எதிர்வீட்டு அலாரத்திலிருந்து பிறந்தது. முதல் வரைவில் அப்படித்தான் எழுதினேன், இங்கேயும் இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

எங்கள் ஊர், பெருநகரத்தில் சம்பாதிப்பவர்கள் ரயிலேறி வந்து தூங்குவதற்கென்றே கட்டிய ஊர். அகலத் தெருக்கள், ஒட்ட வெட்டிய புல், தானாகத் திறந்து மூடும் கேட்டுகள். பகலில் நடந்தால் உங்கள் செருப்புச் சத்தம்தான் உங்களுக்குத் துணை. இங்கே ஹாரன் அடிப்பது அநாகரிகம். முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு வீட்டு மணியை அடிப்பது அதைவிட அநாகரிகம். ஆகவே

(இந்த வாக்கியம் இப்படியே கிடக்கட்டும். முடித்தால் பழியை ஊர்மேல் போட்டுவிட்டு நான் நழுவிவிடுவேன்.)

2

கதாநாயகி எதிர்வீட்டுக்காரி. கணவன் நகரத்துக்குக் கிளம்பியதும் வேண்டுமென்றே அலாரத்தைக் கிளப்பிவிடுகிறாள். பின்கதவைத் திறந்தால் போதும், தெருவே அதிரும். திருடர்களுக்காக வைத்த அந்த அலாரத்தைக் கவனிக்கும் தனியார் காவல் நிறுவனத்து ஆள் வண்டியில் வருவார். அவர் இரண்டு கேள்விகள் கேட்டாக வேண்டும், அது அவர்கள் விதி. ரகசியச் சொல் என்ன? நீங்கள் நலமாக இருக்கிறீர்களா?

அந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் அவள் அலாரத்தை அலற விடுகிறாள்.

ரகசியச் சொல் இங்கே வீட்டுக்கு இரண்டு. முதலாவதைச் சொன்னால் பயமில்லை, அலாரம் தவறுதலாக அடித்துவிட்டது என்று பொருள். இரண்டாவது ஆபத்துக்கு. திருடன் பக்கத்திலேயே நின்றாலும் அவனுக்குப் புரியாமல் சொல்லிவிடலாம். அதைக் கேட்டால் நிறுவனம் மறுபேச்சில்லாமல் உதவிக்கு ஆளை அனுப்ப வேண்டும். கதையில் முதல் சொல் குடை, இரண்டாவது ஏணி.*

* எங்கள் வீட்டுச் சொற்கள்தான். குடிவந்த அன்று நானும் மனைவியும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தோம். இந்த ஊரில் ஏணிக்கு என்ன வேலை இருக்கப்போகிறது என்று சிரித்தோம்.

3

நடுவில் எனக்கு அவள்மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. கைகால் நன்றாக இருக்கிற பெண், ரயிலேறி நகரத்துக்குப் போய் நாலு பேரைப் பார்க்க வேண்டியதுதானே? மனைவியிடம் கேட்டேன். என் வரைவுகளை எப்போதும் அவள்தான் முதலில் படிப்பாள். எதிர்வீட்டுக்காரி போய்ப் பார்த்திருப்பாள், அங்கே எல்லோருக்கும் வேலை இருந்திருக்கும், தனியாகக் காபி குடித்துவிட்டுத் திரும்பியிருப்பாள் என்றாள். காவலாளி தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் நலம் விசாரிப்பார், அதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள். உனக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. நல்ல விவரம், எழுதிக்கொண்டேன்.

"கதையில புருஷன் வரவே இல்லையே?" என்றாள்.

"அவன் ஆபீஸ்ல இருக்கான்."

"அப்ப சரியாத்தான் எழுதியிருக்கீங்க."

4

முடிவுகளுக்குப் பஞ்சமில்லை.

முதல் முடிவில் காவலாளி உள்ளே வந்து உட்கார்ந்து பேசுகிறார். அடித்துவிட்டேன். பாவம், அவருக்கு இன்னும் எத்தனையோ வீடுகள்.

இன்னொன்றில் அவள் செத்துப்போகிறாள். மனைவி படித்துவிட்டுத் தாளை நீட்டினாள். "செத்துட்டா உங்களுக்கு வேலை மிச்சம். உயிரோட இருக்கிறவளை என்ன செய்யறதுன்னு யோசிங்க."

மூன்றாவதில் நிறுவனத்துக்கு அலுத்துப்போகிறது. அடிக்கடி பொய்யாக அலறும் வீட்டுக்கு இனி ஆள் வர மாட்டார், போனில் மட்டும் ரகசியச் சொல்லைக் கேட்பார்கள். குடை என்றால் வைத்துவிடுவார்கள். அதனால் அவள் ஒருநாள்

5

இதற்குமேல் கற்பனை கிடையாது. எதிர்வீடு காலி. நாங்கள் வந்த நாளாக அங்கே விற்பனைப் பலகைதான் நிற்கிறது.

ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த புகார்கள் எல்லாம் என் வீட்டு அலாரத்தைப் பற்றியவை. ஏன் என்று மனைவியிடம் கேட்பதற்குப் பதிலாக நான் கதை எழுத உட்கார்ந்தேன். அவளை என் வீட்டிலேயே வைத்து எழுதத் தைரியமில்லை. தெருவைத் தாண்டிக் கொண்டுபோய் வைத்தேன்.

இன்று மதியம் அலுவலகக் கூட்டத்தில் இருந்தபோது காவல் நிறுவனத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"மேடம் ரெண்டாவது வார்த்தையைச் சொன்னாங்க சார். எப்பவும் குடைன்னுதான் சொல்வாங்க. வாய் தவறிச் சொல்லிட்டாங்களா, இல்ல ஆளை அனுப்பட்டுமா?"

விதிப்படி அவள் என்னைக் கேட்டிருக்கவே கூடாது. பொய் அலாரம் கேட்டுக் கேட்டு அவர்களுக்குச் சலித்துப்போன வீடு, அதனால் கேட்டாள். மேஜையைச் சுற்றி எல்லோரும் நான் முடிப்பதற்காகக் காத்திருந்தார்கள்.

"வாய் தவறித்தான் இருக்கும். விட்டுடுங்க," என்றேன்.

வீட்டுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை.

6

சாயங்காலம் நான் வந்தபோது முன்னறையில் உட்கார்ந்திருந்தாள். திருடன் யாரும் வரவில்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. தலைவாரி, வெளியே போகிற உடுப்பு போட்டிருந்தாள். எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு வைத்திருந்தாள்.

"யாருமே வரலைங்க," என்றாள். "நான் ஏணின்னு தெளிவாத்தான் சொன்னேன். அவங்களுக்குக் கேக்கலையோ?"

உடை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்று மாடிக்கு வந்துவிட்டேன். பழைய வரைவுகளை ஒதுக்கிவிட்டு எழுதியதுதான் இது. அலாரத்திலிருந்து பிறந்தது என்று சொன்னேன் அல்லவா, இல்லை, அவள் கேட்ட அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது.

எனக்குப் பயமாக இருக்கிறது. உண்மையைச் சொன்னால் இனி அவள் யாரிடமும் எந்தச் சொல்லையும் சொல்ல மாட்டாள். மறைத்தால் நாளைக்கும் சொல்லிவிட்டுக் காத்திருப்பாள், அவர்கள் நாளைக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். எனக்கு முடிவு தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் வந்து எங்கள் வீட்டு மணியை அடியுங்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டியதில்லை.

படியேறி வருகிறாள். என் வரைவுகளை முதலில் படிப்பவள் அவள்தான். இந்தத் தாளை மறைப்பதா, மேஜைமேலேயே விடுவதா, நீங்களே