ஓசேயாஸ் ஏன் தூளியை மாற்றிக் கட்டினார்

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. பெலேம் நகரத்து ஆற்றங்கரைச் சந்தையில் மூலிகைக் கடை வைத்திருக்கும் ஜுல்மீரா அக்கா, என் இருமலுக்குப் பட்டை கட்டிக்கொடுக்கும்போது கொசுறாகக் கொடுத்தது.

“ஒரு புருஷன் எங்கிட்ட எழுப்பறதுக்கு மருந்து வாங்கிட்டுப் போறான். அவன் பொண்டாட்டி அடக்கறதுக்கு வாங்கிட்டுப் போறா. ஒரே வாரத்துல. ரெண்டு பேருக்கும் நான்தான் விக்கறேன். நீதான் என்னமோ எழுதறவனாச்சே, இத வச்சுப் பொழச்சுக்கோ.”

“ஆளு யாருக்கா?”

“சொன்னா நாளைக்கு என் கடைப்பக்கம் எவன் வருவான்? போடா.”

சிரித்தேன். பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோதும் சிரிப்பு இருந்தது. வீட்டு நிறுத்தத்தில் இறங்கும்போது இல்லை. வழியில் அதற்கு என்ன ஆனது என்பதுதான் இந்தக் கதை. (கடைசி வாக்கியம் கொஞ்சம் அலட்டல். பிறகு அடித்துவிடலாம்.)

பெயர் தெரியாததால் நானே வைத்தேன். கணவர் ஓசேயாஸ், வயது ஐம்பத்தெட்டு. மனைவி மரினால்வா. இனி வருவதில் பெரும்பாலானவை என் கற்பனை. தப்பெல்லாம் என்னுடையது. நல்ல வரி ஏதாவது வந்தால் அது அநேகமாக ஜுல்மீரா அக்காவுடையது.

2

முதல் தொடக்கம்:

‘ஓசேயாஸின் கை பட்டுக் கிளம்பாத படகு எஞ்சின் அந்த ஆற்றிலேயே கிடையாது. ஆனால் அவருடைய—’

நிறுத்திவிட்டேன். ஏன் என்று உங்களுக்கே புரியும். ஊர் எஞ்சினையெல்லாம் கிளப்புகிறவர், ஐயோ பாவம். ஒரு மனிதனுக்கு அவன் துன்பத்துக்குத் தோதாக வேலை பார்த்துக் கொடுக்கிற எழுத்தாளனை நாலு அறை விட வேண்டும்.

இரண்டாவது தொடக்கம்:

‘நாற்பதைக் கடந்த ஆண்களில் கணிசமானோருக்கு ஏற்படும் விறைப்புக் குறைபாடு என்பது—’

இதைப் படித்ததும் நம்மூர்ப் பேருந்து நிலையச் சுவர்கள் நினைவுக்கு வந்தன. மாதத்தில் இன்ன தேதி இன்ன லாட்ஜில் முகாமிடும் வைத்தியர் எழுதியதுபோல் இருந்தது. அதுவும் போயிற்று.

ஆகவே ஓசேயாஸ், மீன்படகுகள் ஒதுங்கும் மீன்துறையில் எடை போடுகிறவர். விடியலில் வரும் படகுகளின் கெளுத்தி மீன்களைத் தராசில் ஏற்றிக் கிலோவைக் கூவுவார். இந்த வேலையில் உவமைக்கு இடமில்லை என்று நம்புகிறேன். இருந்தால் தயவுசெய்து எனக்குச் சொல்லாதீர்கள்.

3

இந்த ஊரில் பெரியவர்களும் தூளியில்தான் தூங்குகிறார்கள். கல்யாணமானவர்களுக்கென்று, எதிரெதிர்ச் சுவர்க் கொக்கிகளில் மாட்டும் அகலமான தூளி உண்டு. ஓசேயாஸும் மரினால்வாவும் அப்படியொன்றில் முப்பத்தோரு வருடமாகத் தூங்கியவர்கள். ஒருவர் புரண்டால் இன்னொருவரும் புரண்டாக வேண்டும். சண்டை போட்டால்கூட முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டுதான் போட முடியும்.

சர்க்கரை வியாதி அவருக்குப் பன்னிரண்டு வருடமாக. போன வருடம் நெஞ்சில் ஒரு பிடிப்பு வந்தது. அதிலிருந்து சட்டைப்பையில், நாக்கடியில் வைக்கும் மாத்திரை. அதற்குப் பிறகு ஓர் இரவு உடம்பு சொன்னபடி கேட்கவில்லை. அவள், “அசதியா இருக்கும், தூங்கு” என்றாள். அடுத்த முறையும் அப்படியே. மூன்றாம் முறை அவள் எதுவும் சொல்லவில்லை. அந்த மௌனத்தை ஓசேயாஸால் தாங்க முடியவில்லை.

மறுநாள் பழைய ஒற்றைத் தூளி ஒன்றைப் பின்தாழ்வாரத்தில் கட்டினார். “உள்ள ஒரே வெக்கையா இருக்கு” என்றார்.

இங்கே ஒரு கணவன் தனித் தூளி கட்டினால் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வேறு வீட்டில் அவனுக்கு ஒரு கொக்கி தயாராகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி துணி உலர்த்தும்போதே பார்த்துவிட்டாள். மத்தியானத்துக்குள் செய்தி மீன்துறைக்கு வந்துவிட்டது.

“என்ன ஓசேயாஸண்ணே, இந்த வயசுலயா? எந்தத் தெருண்ணே?” என்றான் சுமைக்காரன் ஜுசிமார்.

“போடா வேலையப் பாரு.”

“சின்ன வயசுப் பொண்ணாம்ல? மீனத் தூக்குறப்பவே மூச்சு வாங்குதேண்ணே, பாத்து.”

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது ஓசேயாஸ் ஒரு காரியம் செய்தார். அவரும் சிரித்தார். மறுக்காமல், மீசையைத் தடவிக்கொண்டு, ஏதோ இருக்கிறது என்பதுபோல.

4

(இந்த இடத்தில் எனக்கு அவர்மேல் நம்பிக்கை போய்விட்டது. இரண்டு பக்கம் எழுதி அவரை மறுக்க வைத்துப் பார்த்தேன். ‘அப்படியெல்லாம் இல்லடா’ என்று சொல்ல வைத்தேன். வாயில் திணித்த சோறு மாதிரி வார்த்தை வெளியே வந்து விழுந்தது. பிறகுதான் புரிந்தது. கெட்ட கணவன் என்ற பெயரோடு அவரால் சந்தையில் நடமாட முடியும். மற்றப் பெயரோடு முடியாது. அந்தச் சிரிப்புக்கான விலையை மரினால்வா கொடுக்கிறாள் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. எனக்கும் இதை எழுதும்வரை தோன்றவில்லை.)

5

மருத்துவமனைக் காட்சி. இதை மூன்று முறை திருத்தினேன்.*

“எவ்வளவு நாளா இருக்கு?” என்றார் டாக்டர். பெண் டாக்டர், அதுவும் மகள் வயது என்பதே ஓசேயாஸுக்குப் பாதி உயிர் போன மாதிரி இருந்தது.

“வெக்கை ஆரம்பிச்சதுலேர்ந்து.”

“பெலேம்ல வெக்கை எப்ப இல்ல? காலைல முழிக்கும்போது எப்படி?”

“மீன்துறைக்குப் போவேன்.”

“அதக் கேக்கலங்க.”

ஓசேயாஸ் ஜன்னலைப் பார்த்தார். டாக்டர் காகிதங்களைப் புரட்டினார்.

“நெஞ்சு வலிக்கு நாக்கடியில மாத்திரை வைக்கறீங்க. அதனால அந்த நீல மாத்திரை உங்களுக்கு ஆகாது. ரெண்டும் சேந்தா பிரஷர் தடால்னு விழுந்துடும், உயிருக்கே ஆபத்து. கூட்டாளி குடுத்தான்னு வாங்கிப் போட்டுடாதீங்க. சந்தை பாட்டிலும் வேணாம். சிலதுல அதே மாத்திரைய அரைச்சுக் கலந்திருப்பாங்க.”

“வேற?”

“காத்த உறிஞ்சற குழாய் ஒண்ணு இருக்கு. ரத்தத்த இழுத்துக் கொண்டாந்துடும், அடியில ஒரு வளையம் மாட்டிக்கணும்.”

“சைக்கிள் பம்பு மாதிரியா?”

“அது அடிக்கும். இது உறிஞ்சும். அப்புறம் ஊசி. தேவைப்படும்போது அதுலயே போட்டுக்கணும்.”

ஓசேயாஸ் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

“எதுவும் சரிவரலன்னா ஆபரேஷன். உள்ள செயற்கையா ஒண்ணு வைக்கறது. ஆனா மொதல்ல சர்க்கரையக் கட்டுக்குள்ள கொண்டாங்க, சிகரெட்ட விடுங்க, இதய டாக்டர ஒருதரம் பாத்துட்டு வாங்க. எதுவானாலும் ரெண்டு பேரும் சேந்து முடிவு பண்ணா நல்லது. அடுத்த தடவ மனைவியக் கூட்டிட்டு வாங்க.”

ஓசேயாஸ் மேலே போட்டிருந்த காலை இறக்கிவைத்தார். பிறகு சொன்னார்: “ஊசியே போட்டுக்கறேன் டாக்டரம்மா.”

* விவரங்களைச் சரிபார்க்க மருத்துவ நண்பர் ஒருவரைக் கேட்டேன். “உன் கதாபாத்திரத்துக்கா?” என்றார். “கதாபாத்திரத்துக்குத்தான்” என்றேன். “கதாபாத்திரத்த நேர்ல வரச் சொல்லு” என்றார். அத்துடன் ஆராய்ச்சியை முடித்துக்கொண்டேன்.

6

மருத்துவமனையிலிருந்து நேராக ஜுல்மீரா அக்கா கடைக்கு. (டாக்டர் வேண்டாம் என்று சொன்னது அவர் காதில் விழுந்ததா? விழுந்தது. ஆனால் ஜுல்மீரா அக்கா மனைவியைக் கூட்டிவரச் சொல்ல மாட்டாள்.)

“நெஞ்சுக்கு ஒண்ணும் பண்ணாதே?”

“பட்டையும் வேரும்தாண்ணே. நானே பாட்டில்ல ஊறப்போட்டது.”

அதே வாரம் மரினால்வா வந்தாள். இதை ஜுல்மீரா அக்கா எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன்.

“அவன் அந்த இன்னொருத்திய மறக்கற மாதிரி ஏதாவது குடு.”

“எவடி அவ?”

“தெரியல. எவளா இருந்தா எனக்கென்ன? மீன்துறையில அவ பேச்சு வந்தா சிரிக்கறானாம். எங்கிட்ட அவன் சிரிச்சு மாசக்கணக்காச்சு.”

அக்கா ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்தாள். காபியில் சொட்டுவிட வேண்டும். காலையில் மனைவி ஊற்றிய சொட்டையும், சாயங்காலம் தானே ஊற்றிக்கொண்ட மடக்கையும் ஓசேயாஸின் வயிறு சேர்த்து வாங்கிக்கொண்டது. இரண்டும் வேலை செய்யவில்லை.

“ஏங்க்கா, அவகிட்ட நீங்களே சொல்லியிருக்கலாமே?” என்று கேட்டேன்.

“சொல்லலாம். அப்புறம் அவன் ஆத்துல விழுந்தா நீ எறங்கித் தூக்குவியா?”

7

முடிவுகள்.

முதலாவது: நீல மாத்திரை கலந்த ஏதோவொரு பாட்டிலைக் குடித்து ஓசேயாஸ் தாழ்வாரத்தில் சாய்கிறார். எழுதினேன், கண்ணீர்கூட வந்தது. ஆனால் செத்துப்போனால் அவர் பேச வேண்டியதில்லை. அவரை அவ்வளவு சுலபமாகத் தப்பவிட மனமில்லை.

இரண்டாவது: குழாய் பார்சலில் வருகிறது, மரினால்வா அதை அசாயிப் பனையின் பழம் பிழிகிற கருவி என்று நினைத்து— வேண்டாம். நீங்கள் சிரிப்பீர்கள். ஜுசிமாரும் சிரித்தான்.

மூன்றாவது, என்னால் அடிக்க முடியாதது:

சனிக்கிழமை. ஓசேயாஸ் மழைக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிடுகிறார். அறையில் கொக்கிகள் இரண்டும் காலி. மரினால்வா அகலத் தூளியைச் சுருட்டிக் கயிற்றால் கட்டி மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறாள். ஆற்றுப் படகில் போகிறவர்கள் தூளியோடுதான் போவார்கள். ஆற்றின் மேல்பக்கம் சான்டரேமில் அவள் தங்கை இருக்கிறாள். மழை இறங்கிவிட்டது. விட்டதும் கிளம்புவதாக இருக்கிறாள்.

“அவ பேரச் சொல்லு. நான் சண்டைக்கெல்லாம் போகல. பேர் தெரிஞ்சா போதும்.”

ஒரு பொய்ப்பெயர் சொல்லியிருக்கலாம். சந்தையில் பெண் பெயர்களுக்கா பஞ்சம்? மானத்தோடு மிஞ்சியிருப்பார். ஓசேயாஸ் இல்லையென்று தலையை ஆட்டினார்.

“யாருமில்ல மரினால்வா.”

“தாழ்வாரத்துல போய்ப் படுத்தியே.”

“யாருமில்ல. சத்தியமா.”

அவள் அவரையே பார்த்தாள். அந்த முகத்தில் நிம்மதி வரும் என்று நினைத்துத்தான் இந்தக் காட்சியைத் தொடங்கினேன். வரவில்லை.

“அவ ஒருத்தி இருந்தா, சரி, சின்னவ, அழகா இருப்பான்னு மனசத் தேத்திக்கிட்டேன்யா. யாருமே இல்லன்னா... அப்ப என்னப் பாத்துதான் உனக்கு வேணாம்னு போச்சா?”

8

இங்கேதான் நிற்கிறேன், பல வாரங்களாக.

ஓசேயாஸ் வாயைத் திறந்துவிட்டார். அவர் சொல்ல வேண்டிய வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. டாக்டரின் சொல் இருக்கிறது. அதைச் சொன்னால் அவள் நோயைப் பற்றிக் கேட்பாள், தன்னைப் பற்றிய கேள்வி அப்படியே கிடக்கும். ஜுசிமாரின் சொற்கள் ஏராளமாக இருக்கின்றன. அவற்றைத் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ள எந்த ஆணுக்கும் வாய் வராது. எழுதிப் பார்த்தவை:

‘தப்பு உன்மேல இல்ல, என்னோட—’

‘உன்னப் பாக்கறப்பல்லாம் மனசு ஓடி வருது, ஆனா உடம்பு—’

‘பயந்துட்டேன் மரினால்வா, நீ அன்னிக்கி ஒண்ணும் சொல்லாம இருந்தப்ப நான்—’

மூன்றும் பாதியில் நிற்கின்றன. மூன்றாவதைத் தொடரலாமோ என்று தோன்றுகிறது. ஆனால் அந்த இடத்தில் பேனாவை மூடிவிடுகிறேன், மூடியது ஓசேயாஸா நானா என்று தெரியவில்லை.

உங்களில் யாராவது இதை ஒருமுறையேனும் முழுதாகச் சொல்லியிருப்பீர்கள். அல்லது யாரோ சொல்லாமல் விட்டதற்கு எதிரே, மடியில் எதையாவது பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள். உங்களுக்குத்தான் தெரியும். இடம் விட்டிருக்கிறேன்.

“மரினால்வா, ...................................................”

ஓட்டுமேல் மழைச் சத்தம் குறைகிறது. அவள் செருப்பை மாட்டுகிறாள். சீக்கிரம்.