அம்மாவின் கடைவாய்ப்பல்

பெரியம்மா கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி சலவைக்கூடத்துக்குள் வந்தபோது எறும்பு ஒரு விரிப்பின் முனையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறுமுனையில் அம்மா. ஹோட்டல் விரிப்புகளை உருளை இஸ்திரிக்குள் விட இரண்டு பேர் வேண்டும். ஒருத்தி தளர்த்தினால் மடிப்பு விழுந்துவிடும். அம்மாதான் தளர்த்துவாள். எறும்பு எட்டி அந்தப் பக்கத்தையும் இழுத்துச் சரிசெய்வாள். எதிலும் வரிசை தப்பாத பெண் என்று அம்மா வைத்த செல்லப்பெயர்தான் எறும்பு.

"மார்க் வந்தாச்சு. பல் மருத்துவம் கிடைச்ச மாதிரிதான்" என்றாள் பெரியம்மா.

"நல்லாப் பாருங்க பெரியம்மா. வேற யாரோடதாவது இருக்கப் போகுது."

"என் பொண்ணு பேர்தான் போட்டிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியாதா?"

பெரியம்மா சொன்னதில் பொய் இல்லை. ஏழு வயதில் அம்மாவோடு இந்த நாட்டுக்கு வந்தவள் எறும்பு. இருவருக்கும் இங்கே தங்கக் கொடுத்த அனுமதி எப்போதோ காலாவதியாகிவிட்டது. பெரியம்மாவுக்குக் குடியுரிமை உண்டு. இங்கேயே பிறந்த அவள் மகளுக்கும் உண்டு. ஆனால் பெரியம்மாவும் கணவனும் பிரிந்த வருடம், அவன் மகளை வேறொரு நாட்டுக்கு அழைத்துப் போய்விட்டான். பிள்ளை போய்விட்டாள், பெயர் இங்கே சும்மா கிடந்தது. அந்தப் பெயரில் பெரியம்மா எறும்பைப் பள்ளியில் சேர்த்தாள். அக்கா தங்கை பெற்ற பிள்ளைகள், மூக்கு ஒரே அச்சு, யாரும் எதுவும் கேட்கவில்லை. வீட்டில்தான் அவள் எறும்பு. வகுப்பில் அவள் பெரியம்மா மகள். அந்தப் பெயரைச் சொன்னால் தூக்கத்தில்கூடத் திரும்பிப் பார்ப்பாள்.

"நீ படி. காலேஜ் சீட்டு என் பொறுப்பு" என்பாள் பெரியம்மா. எப்படி என்று எறும்பு கேட்டதில்லை. கேட்டால் கண் பட்டதுபோல ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம்.

அடுத்த வாரம் ஒரு பெட்டியோடு பெரியம்மாவின் மகள் வந்து இறங்கினாள். சாப்பாட்டு நேரத்தில் பெரியம்மா சமையலறையிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கூடத்தில் இரண்டு தலைகள் திரும்பின.

"அடேங்கப்பா" என்று சிரித்தாள் வந்தவள். "என் பேரை நல்லாத்தான் தேய்ச்சு வெச்சிருக்கே. மடிப்பே இல்ல."

எறும்பும் சிரித்தாள். அப்போது அவளுக்கு எதுவும் தெரியாது.

தட்டில் சோறு விழுந்த பிறகுதான் பெரியம்மா ஆரம்பித்தாள். "காலேஜ்ல சேரும்போது விரல் வெக்கணும். இங்க பொறந்த புள்ளைங்க ரேகையெல்லாம் சின்ன வயசுலயே எடுத்து வெச்சிருக்காங்க. நீ வெச்சா மெஷின் கத்தும். அப்புறம் நீ, உங்கம்மா, நான், மூணு பேரும் கம்பி எண்ண வேண்டியதுதான்."

"அப்போ?"

"அப்போ என்ன அப்போ. இவ வெப்பா. இவ விரலு, இவ பேரு, இவ சீட்டு."

"என் மார்க்கு."

"யாரு பேர்ல வாங்கினே?"

எறும்பு அம்மாவைப் பார்த்தாள். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"உனக்குத் தெரியுமாம்மா?"

அம்மா பேசும்போது வாயைக் கையால் மறைத்துக்கொள்வாள். கை சோறாக இருந்ததால் புறங்கையால் மறைத்தாள். "உன்னைப் பள்ளிக்கூடத்துல சேர்த்தப்பவே பேசினதுதான்."

"அப்பவேயா? ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா படிச்சிருப்பியா?"

அதைக் குத்தலாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அடுப்பை ஏன் முன்னாடியே அணைத்தாய் என்று கேட்டால் சொல்கிற பதில்போல, அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

மறுநாள் சலவைக்கூடத்தில் விஷயம் பரவியிருந்தது. கொதிகலன் பார்க்கிற மாமா, யார் வீட்டுத் துக்கத்துக்கும் ஒரு பழமொழி வைத்திருப்பவர், துணி வண்டியைத் தள்ளிக்கொண்டே சொன்னார்: "கரையான் கட்டின புத்துல பாம்பு குடியேறும்பாங்க. இங்க எறும்பு கட்டியிருக்கு. வேற வித்தியாசம் இல்ல." யாரும் சிரிக்காததால் வண்டியை வேகமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

நேர்முகத் தேர்வு நெருங்கியது. எறும்பு என்னென்ன படித்தாள், யார் பாடம் நடத்தினார்கள், எல்லாம் வந்தவளுக்குத் தெரிய வேண்டும். சொல்லித் தர வேண்டியவள் எறும்பு.

மாட்டேன் என்று ஒரே ஒரு முறை சொன்னாள். பெரியம்மா கோபப்படவில்லை. "வேண்டாம்னா விடு. நீங்க ரெண்டு பேரும் வேற இடம் பாத்துக்கங்க" என்றாள். காகிதம் இல்லாதவர்களுக்கு யார் வீடு தருவார்கள் என்பது மூவருக்கும் தெரியும்.

எறும்பு சொல்லிக்கொடுத்தாள். அரைகுறையாகச் செய்ய அவளுக்கு வராது. கணக்கு ஆசிரியை எப்படி மூக்குறிஞ்சுவார், ஆய்வுக்கூடத்தில் எந்த மேஜை, பக்கத்தில் யார், வெட்டுப்பல், கோரைப்பல், கடைவாய்ப்பல், எல்லாம் வரிசையாக. வந்தவள் கட்டிலில் கவிழ்ந்து படுத்துக் கேட்டாள்.

"எனக்கு ரத்தத்தைப் பார்த்தாலே தலை சுத்தும்டி. நான் பல்லைப் புடுங்கிட்டு மயங்கி விழுவேன், அந்த ஆளு எழுந்து எனக்குத் தண்ணி தெளிப்பாரு."

எறும்புக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு தன்மேலேயே எரிச்சலாக வந்தது. இவளை வெறுக்க முடிந்தால் எவ்வளவு வசதியாக இருக்கும்.

"சரி, எதுக்குப் பல் மருத்துவம்னு கேட்டா? நீ எதுக்கு எடுத்தே?"

எறும்பு புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.

அவளுக்குப் பதினொரு வயது இருக்கும்போது அம்மாவுக்குக் கன்னம் பலாக்காய் மாதிரி வீங்கியது. மருத்துவமனையில் முதலில் அடையாள அட்டையைக் கேட்பார்கள். கடைசியில் கொதிகலன் மாமாதான், கம்பி முறுக்கும் குறட்டைக் கொதிநீரில் போட்டு எடுத்து, அம்மாவைத் துணி மூட்டைமேல் உட்காரவைத்துக் கடைவாய்ப்பல்லைப் பிடுங்கினார். டார்ச் பிடித்தது எறும்பு. கத்தினால் வெளியே கேட்கும் என்று அம்மா ஒரு தலையணை உறையைப் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டாள். டார்ச் வெளிச்சம் ஆடிக்கொண்டே இருந்தது. அன்று முடிவு செய்ததுதான்.

"குழந்தைங்க சிரிப்பு பிடிக்கும்னு சொல்லு" என்றாள் எறும்பு. "எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க."

"சப்புன்னு இருக்கே."

"அது போதும்."

பல் கதை தன்னுடையது என்பதால் மறைத்தாளா, இல்லை சப்பென்ற பதிலைச் சொல்லி இவள் தோற்கட்டும் என்றா? எவ்வளவு யோசித்தும் எறும்புக்கே தெரியவில்லை. அம்மா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

நேர்முகத் தேர்வு முடிந்து பெரியம்மாவும் மகளும் நேராகச் சலவைக்கூடத்துக்கே வந்தார்கள். வந்தவளின் கழுத்தில் கல்லூரி அட்டை தொங்கியது.

"மூணு பேரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டே உக்காந்திருந்தாங்க" என்றாள். "எங்க அம்மா பல்லைக் குறட்டால புடுங்கினதைச் சொன்னேன் பாரு. நடுவுல இருந்த மேடம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க. நான்தான் டார்ச் பிடிச்சேன், என் கை நடுங்கவே இல்லன்னு சொன்னேன். டாக்டருக்கு வேண்டிய கைன்னாங்க."

"நல்லவேளை, என்னை உள்ள கூப்பிடல" என்று பெரியம்மா வாயைத் திறந்து காட்டினாள். "எனக்கு முப்பத்திரெண்டும் அப்படியே இருக்கு."

நடுங்கியது, என்று எறும்பு மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். என் கை நடுங்கியது.

அம்மா பக்கம் திரும்பினாள். அம்மாவின் கை ஏற்கெனவே வாய்க்குப் போயிருந்தது.

"நான்தான் சொன்னேன்" என்றாள் அம்மா. "சரியான பதில் இல்லாம முழிச்சிட்டு இருந்தா, பாவம். சீட்டு கை நழுவிடுமோன்னு பயம். அத்தனையும் உன் உழைப்பாச்சே, வீணாப் போகலாமா?"

எறும்பு அம்மாவின் முகத்தில் குற்றஉணர்ச்சியைத் தேடினாள். கொஞ்சம் பெருமைதான் தெரிந்தது. தன் பல் ஒன்று பெரிய மனிதர்கள் முன்னால் பேசப்பட்டிருக்கிறது.

"புத்தகமெல்லாம் வீட்டுக்குத்தானே வரப்போகுது" என்றாள் பெரியம்மா. "நீயும் படி. யாரு வேண்டாம்னா? இவளுக்கும் ஒத்தாசையா இருக்கும்." பிறகு வாசல் வெளிச்சத்தில் போய் நின்றுகொண்டு, படம் எடுக்க மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.

ஒரு தலை மட்டும் திரும்பியது.

கொதிகலன் மாமா அடுத்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். அம்மா மேலாக இருந்த விரிப்பை உதறி ஒரு முனையைப் பிடித்தாள்.

"எறும்பு" என்றாள்.

அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. மறுமுனையை எடுத்துக்கொண்டாள். உருளை சுற்றத் தொடங்கியது. அம்மா வழக்கம்போல் தளர்த்தினாள். அவள் பக்கத்தில் சின்னதாக ஒரு மடிப்பு விழுந்தது. எட்டி இழுத்தால் போதும், சரியாகிவிடும். அம்மாவும் அதற்காகத்தான் காத்திருந்தாள்.

எறும்பு தன் முனையை மட்டும் நேராகப் பிடித்துக்கொண்டாள். விரிப்பு மடிப்போடு உள்ளே போனது.