புயல் குமரேசனின் கால்

கன்னையாவுக்கு இடது கணுக்கால் வலித்தது. மழை வரும் முன் வலிக்கும், வந்துபோன பின் வலிக்கும், மாவு மூட்டை ஏற்றிய மறுநாள் சொல்லவே வேண்டாம். அன்று ஞாயிற்றுக்கிழமை. வேலை இல்லை, கிள்ளான் நகர வானத்தில் மேகமும் இல்லை. இருந்தும் வலித்தது. கட்டிலில் உட்கார்ந்து, எலும்பு கோணலாகக் கூடிப்போன முண்டின்மேல் தைலத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்க, உங்க கூட்டாளி வாட்சாப்ல வந்திருக்காரு" என்று மனைவி இராஜம்மா போனை மூக்குக்கு நேரே நீட்டினாள்.

படத்தில் ஒரு பையன் பறந்துகொண்டிருந்தான். இறுக்கமான சட்டை, முதுகில் விரிந்த சிவப்புத் துணி, நெற்றியில் ஒரு சுருட்டை முடி. கீழே எழுதியிருந்தது: "மறந்துபோன நம் பறக்கும் பையன்கள். படக்கதைக் கண்காட்சி, பிரிக்பீல்ட்ஸ். சிறப்பு வருகை: புயல் குமரேசனாகவே வாழ்ந்த திரு. விஜயன்."

"வாழ்ந்தானாம்" என்றார் கன்னையா. "நாக்காலியில உக்காந்துகிட்டு வாழ்ந்தான்."

"உங்களையும் கூப்பிட்டிருக்கலாம்."

"மூஞ்சி இல்லாதவன யாரு கூப்பிடுவா?"

இராஜம்மாவுக்கு இந்தக் கதை கல்யாணமான புதிதிலேயே தெரியும். கணுக்கால் வலிக்கும்போதெல்லாம் கதையும் கூடவே வரும்.

கன்னையாவுக்குப் பன்னிரண்டு வயதில் நடந்தது அது. வெளிநாட்டுப் படக்கதை ஒன்றில் ஒரு சின்னப் பையன் பறந்து பறந்து கெட்டவர்களை அடிப்பான். உலகம் பூராவும் அவனுக்குப் பேர். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் பிள்ளைகள் அந்தப் புத்தகம் கிழியும்வரை கைமாற்றிப் பார்ப்பார்கள். கல்யாணப் பத்திரிகையும் கருமாதி அறிவிப்பும் அச்சடித்துக்கொண்டிருந்த கமலநாதன் என்பவர் இதைப் பார்த்தார். அதே சட்டை, அதே துணி, அதே சுருட்டை முடி, பேர் மட்டும் தமிழில். புயல் குமரேசன் பிறந்தான். அவன் விற்பதைப் பார்த்துச் செந்தூலில் ஒருவர் கரண்ட் கண்ணனைக் கொண்டுவந்தார். கிள்ளானில் ஒருவர் ஆகாய ஆனந்தனை இறக்கினார். மூவரும் ஒரே அச்சு. அந்த வெளிநாட்டுப் பையனுக்கு யாரும் தகவல் சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்குள் மூன்று பேருமே காணாமல் போனார்கள்.

கமலநாதன் எதை வேண்டுமானாலும் வரைவார், பறக்கிறவனை மட்டும் வரைய வராது. அவர் கையில் பறக்கிறவன் கிணற்றில் விழுகிறவனைப் போல இருப்பான். அதனால் அச்சகத்துக்குப் பின்னால் நிற்கும் விறகு லோரியின் கூரையில் ஒரு பையனை ஏற்றி, கீழே சாக்கு மூட்டைகளை அடுக்கி, குதிக்கச் சொல்லிப் படம் பிடித்தார். அந்தப் படத்தின்மேல் மெல்லிய தாளை வைத்துக் கோடு இழுத்துக்கொள்வார். குதித்த பையன் கன்னையா. தண்டவாள வேலை செய்த கூலியின் மகன், எங்கே ஏறச் சொன்னாலும் ஏறுவான். நீளச் சாமான் ஏற்றும்போது லோரியின் பின்னால் கட்டுகிற சிவப்புத் துணியைத்தான் முதுகில் கட்டிவிட்டார்கள்.

ஆனால் முகம் சரிப்படவில்லை. கன்னையாவுக்குப் பல் எடுப்பு. கமலநாதன் ஒளிக்காமல் சொன்னார்: "உடம்பு உன்னுது போதும்டா. மூஞ்சிக்கு வேற ஆளப் பாப்போம்."

மூஞ்சிக்கு வந்தவன் விஜயன். ரயில்வே ஆபீசில் கணக்கெழுதும் கிராணியின் மகன், சிவத்த பையன், தலை நிறையச் சுருட்டை. அச்சகத்துக்குள்ளே காற்றாடிக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்து கூரையைப் பார்த்துச் சிரிப்பான். அவ்வளவுதான் வேலை. அந்தத் தலையை வெட்டி இந்தக் கழுத்தில் ஒட்டுவார்கள். வெயிலில் குதித்தவனுக்கும் ஒரு கிண்ணம் தேங்காய்ப்பால் ஐஸ் செண்டோல், காற்றாடிக்கடியில் சிரித்தவனுக்கும் ஒரு கிண்ணம் செண்டோல்.

புத்தகம் வந்ததும் விஜயனைச் சடக்கில் நடக்க விடமாட்டார்கள். "குமரேசா! டேய் குமரேசா!" என்று பிள்ளைகள் பின்னாலேயே ஓடும். பெண்பிள்ளைகள் சன்னலில் நிற்கும். அவன் பள்ளிக்கூடப் பையைச் சுமந்துகொண்டு பக்கத்தில் கன்னையா நடப்பான். ஒரு தடவை பொறுக்கமாட்டாமல் "குதிச்சது நான்டா" என்றான். ஒரு பயல் திருப்பிக் கேட்டான்: "அப்ப உன் மூஞ்சி எங்க?"

கடைசி அட்டைப்படத்துக்குக் குதித்தபோது சாக்கு நழுவியது. கணுக்கால் மடிந்து விழுந்தான். எலும்பு ஒட்டுகிறவர் கட்டுப் போட்டு, பாயில் படுத்திருந்தபோது விஜயன் புது இதழோடு வந்தான். அட்டையில் இருந்தது அதே குதிப்பு, கால் உடைவதற்கு ஒரு நொடி முந்தியது. கீழே கன்னையாவின் கால். மேலே விஜயனின் சிரிப்பு.

"நான் நல்லா இருக்கேன்ல?" என்று கேட்டான் விஜயன்.

இதுதான் கதை. கன்னையா தைலத்தை மூடி வைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார்.

"எங்க?"

"பிரிக்பீல்ட்ஸ்."

"சண்டை கிண்டை போட்டுட்டு வராதீங்க. வயசு அம்பத்தாறு."

"சண்டை எதுக்கு? குதிச்சது யாருன்னு அவன் வாயால மைக்குல சொல்லணும். சொன்னா வந்துடுவேன்."

கோமுட்டர் ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. வழி நெடுக அந்த வாக்கியத்தை விஜயனின் குரலில் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். நன்றாகத்தான் இருந்தது.

கண்காட்சி மண்டபத்தில் மூன்று பறக்கும் பையன்களும் சுவர் உயரத்துக்குத் தொங்கினார்கள். கரண்ட் கண்ணன் கால் மடங்கிய தவளை மாதிரி இருந்தான். ஆகாய ஆனந்தன் பூட்ஸ் போட்டு நேராக நின்றபடியே பறந்தான். புயல் குமரேசன் மட்டும் நிஜமாகப் பறந்தான். முதுகு வளைந்து, விரல் விறைத்து, கதவு அகலத்துக்கு இரண்டு வெறுங்கால்கள். தன்னுடைய கால்களை இவ்வளவு பெரிதாகக் கன்னையா பார்த்ததில்லை. எல்லாரும் முகத்தோடு நின்றுதான் படம் எடுத்துக்கொண்டார்கள். கால்கள் அவர்கள் தலைக்குப் பின்னால் மறைந்தன.

பக்கத்தில் ஒரு பலகை, "மண்ணை மறக்காத நாயகன், அதனால் வெறுங்கால்" என்றது. கழுத்தில் அடையாள அட்டை போட்ட பெண் ஒருத்தி வந்தாள். அட்டையில் கார்த்திகா என்றிருந்தது. ஏற்பாடு எல்லாம் அவள்தான்.

"நல்லாருக்கா அங்கிள்?"

"சப்பாத்து இல்லம்மா, அதான் வெறுங்காலு. குதிச்சது நான்."

அவள் முகம் மாறவில்லை. சிரித்தாள். "அங்கிள், காலையிலேர்ந்து நீங்க நாலாவது ஆளு லா. ஒரு அங்கிள் சிவப்புத் துணியே கொண்டாந்துட்டாரு."

கன்னையா பேன்ட்டைத் தூக்கிக் கணுக்கால் முண்டைக் காட்டினார்.

"ஐயோ, டாக்டர்கிட்ட காட்னீங்களா?" என்றாள் நிஜமான கவலையோடு. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கோவிச்சுக்காதீங்க. கமலநாதன் ஐயா இப்ப உயிரோட இல்ல, படத்துல இருக்கிற மூஞ்சி விஜயன் அங்கிளோடது. அவரு சொன்னா இன்னிக்கே உங்க பேர எழுதி ஒட்டிர்றேன். ப்ராமிஸ்."

அப்போது வாசலில் சலசலப்பு. கைதட்டினார்கள். கன்னையா எட்டிப் பார்த்தார்.

விஜயன் சக்கர நாற்காலியில் வந்தார். வலது பக்கம் முழங்காலுக்குக் கீழே வேட்டி தட்டையாகத் தொங்கியது. "சுகர்" என்று பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். நாற்காலியைத் தள்ளியது ஏழெட்டு வயதுப் பேத்தி. அவள் முதுகில் சிவப்புத் துணி.

ஒரு கால் போனவனைப் பார்த்தால் மனசு இளகும். கன்னையாவுக்கும் கொஞ்சம் இளகியது. அதற்குள் ஒருவர் மாலை போட்டார், இன்னொருவர் தண்ணீர் கொடுத்தார், பிள்ளைகள் கையெழுத்துக்கு வரிசை கட்டினார்கள். பழைய நெருப்பு பிடித்துக்கொண்டது. கால் போன பிறகும் அவனுக்குத்தான் கூட்டம். இரண்டு காலையும் வைத்துக்கொண்டு நான் சுவரோரம் நிற்கிறேன். அப்படி நினைத்ததற்கு அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டும் நெருப்பு அணையவில்லை.

"டேய்! கன்னையா!" விஜயன் கையெழுத்துப் பேனாவை அப்படியே போட்டுவிட்டுக் கையை நீட்டினார். "எங்கடா போய்த் தொலைஞ்ச? செத்துட்டேன்னு சொன்னானுங்க!"

"நீ ரெண்டு தடவ செத்துட்டேன்னு எனக்குச் சொன்னாங்க."

விஜயன் வாய்விட்டுச் சிரித்தார். கண் கலங்கியிருந்தது, அது நடிப்பில்லை. பிறகு கன்னையாவைக் காதருகே இழுத்தார். "மச்சான், ஒண்ணுக்கு முட்டுது. மகன் காடி நிறுத்தப் போனான், ஆளக் காணோம். டாய்லெட்டுக்குப் படி இருக்குதாம், இந்த வண்டி ஏறாது. மத்தவன்கிட்ட கேக்க வெக்கமா இருக்குடா."

கன்னையா பேனாவை எடுத்து மேசையில் வைத்தார். நாற்காலியைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு போனார். படிக்குப் பக்கத்தில் குனிந்து, மூட்டைக்குக் கை கொடுக்கிற மாதிரி கை கொடுத்துத் தூக்கினார். விஜயன் கனமாகத்தான் இருந்தார். முதல் படியில் இடது கணுக்கால் கத்தியது. விஜயனின் முகம் அவர் தோளுக்கு மேலே இருந்தது. மேலே விஜயன் மூஞ்சி, கீழே கன்னையா கால். அட்டைப்படத்துக்கு அப்புறம் இன்றைக்குத்தான் இரண்டும் ஒன்று சேர்ந்தன.

உள்ளே, விஜயன் ஒரு கையால் சுவரையும் இன்னொரு கையால் கன்னையாவையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மைக்குல சொல்லு" என்றார் கன்னையா.

"என்னத்த?"

"லோரி மேலேர்ந்து குதிச்சது யாருன்னு."

தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே விஜயன் கேட்டார்: "இன்னும் அத நெனச்சுக்கிட்டா இருக்க?"

"மழை பேஞ்சா நெனப்பேன்."

"நான் ஒருநாள் ஏறிப் பாத்தேன்டா" என்றார் விஜயன், சுவரைப் பார்த்தபடி. "உனக்குத் தெரியாது. யாருமில்லாதப்ப லோரி மேல ஏறுனேன். கீழ பாத்தேன். கால்சட்டையிலேயே போய்ட்டேன். நீ சும்மா குதிப்ப, நான் உள்ள உக்காந்து அந்தச் சத்தத்தக் கேப்பேன். எரியும்டா எனக்கு."

கன்னையாவுக்கு இதைக் கேட்டு ஆறுதல் வரவில்லை. "எரிஞ்சா அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல."

"இன்னிக்குச் சொல்றேன். கண்டிப்பா சொல்றேன்டா. என் பேத்தி மேல சத்தியம்னு சொல்ல மாட்டேன், ஆனா சொல்றேன்."

திரும்பத் தூக்கி வந்து நாற்காலியில் வைத்தார். மேடையில் மைக்கைக் கொடுத்தார்கள். கன்னையா முன்வரிசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். எதற்குச் செய்தாரோ, கை தானாகப் போனது.

"அங்கிள், அந்தப் பறக்கிற படமெல்லாம் எப்படி எடுத்தாங்க?" என்று கேட்டாள் கார்த்திகா.

விஜயன் வாயைத் திறந்தார். கன்னையாவைப் பார்த்தார். மூச்சை இழுத்தார்.

"நான் சொல்றேன்!" பேத்தி மைக்கைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். "தாத்தா லோரி மேலேர்ந்து குதிப்பாரு. பயமே இல்ல! அப்ப தாத்தாவுக்கு ரெண்டு காலும் இருந்துச்சு."

விஜயன் அவள் தலையைப் பார்த்தார், தட்டையாகத் தொங்கிய வேட்டியைப் பார்த்தார். பிறகு மைக்கில் சொன்னார்: "ஆமா. அப்ப ரெண்டு காலும் இருந்துச்சு."

கைதட்டல் கூரையைத் தொட்டது. அது அடங்கியதும் விஜயன் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். "அந்தா நிக்கிறான் பாருங்க, கன்னையா. சின்ன வயசுலேர்ந்து என் கூட்டாளி. இன்னிக்கும் என்னைத் தூக்கிச் சுமந்தான். நல்ல பலசாலி. அவனுக்கு ஒரு கைதட்டுங்க."

தட்டினார்கள். பேத்தி எல்லாரையும்விடப் பலமாகத் தட்டினாள், கன்னையாவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி. அவளுக்கும் பல் எடுப்பு.

கன்னையா வாயைத் திறந்தார். கத்தினால் நாலாவது ஆள். கார்த்திகா பாவம் பார்த்துத் தண்ணீர் கொடுப்பாள். வாயை மூடிக்கொண்டார்.

வெளியே விஜயனின் மகன் காரைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவனுக்குத் தனியாகத் தூக்க வரவில்லை, அப்பாவின் தலையைக் கதவில் இடிக்கப் பார்த்தான். "தள்ளு தம்பி" என்று கன்னையாவே தூக்கி உள்ளே வைத்தார். விஜயன் அவர் மணிக்கட்டை விடவில்லை.

"புள்ள இருந்துச்சுடா."

"பாத்தேன்."

"எங்கிட்ட இப்ப வேற என்னடா இருக்கு? அவ ஒருத்திதான் என்னை அப்படிப் பாக்குறா."

"எனக்கு அதுவும் இல்ல" என்றார் கன்னையா.

விஜயன் தலையைக் குனிந்துகொண்டார். "அடுத்த மாசம் கிள்ளான்ல இதே கண்காட்சி வைக்கிறாங்களாம். உன் ஊரு. அங்க சொல்றேன்."

"புள்ளயக் கூட்டிட்டு வராத."

"அவதான்டா வண்டி தள்ளுறா."

கார் கிளம்பியது. பேத்தி சன்னலில் சிவப்புத் துணியை அசைத்தாள். கன்னையாவும் கையை அசைத்தார், வேண்டா வெறுப்பாகத்தான்.

வீட்டுக்கு வந்தபோது இராஜம்மா தட்டில் சோறு போட்டு வைத்திருந்தாள். முகத்தைப் பார்த்ததும் தைலத்தையும் எடுத்து வந்தாள்.

"சொன்னாரா?"

"கைதட்டச் சொன்னான்."

"எதுக்கு?"

"தூக்குனதுக்கு."

இராஜம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். கன்னையா காலை நீட்டி முண்டின்மேல் தைலத்தைத் தடவினார். படி ஏறியதில் வீங்கியிருந்தது. விஜயன் அவருக்குத் தர வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்: குதிச்சது நான் இல்ல, கன்னையா. அதை விஜயன் இன்னும் தரவில்லை.