படுத்துப் போக மாட்டேன்

பொழுது சாய்வதற்குள் லிடியாவைக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். நர்சம்மா சொல்லிவிட்டுப் போய்விட்டார். என் அக்கா ரீத்தாவின் மகள் அவள். பதினைந்து வயது. இருதயத்தில் வால்வு கெட்டுப்போன பிள்ளை. காலையிலிருந்து மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது. உதடு நாவல்பழம் தின்றாற்போல் இருந்தது.

இடஒதுக்கீடு கேட்டு மறியல் செய்கிறவர்கள் ரோடு நெடுகப் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பஸ் இல்லை. மாட்டுவண்டிகூடப் போகாது.

என்னோடு கல் உடைக்கிற சின்னக்கண்ணுவும் பூமாலையும் வந்திருந்தார்கள். சின்னக்கண்ணு ஒரு மூங்கிலில் அக்காவின் சேலையைத் தூளியாகக் கட்டினான். கல்வராயன் மலையிலிருந்து நோயாளிகளை இப்படித்தான் இறக்குவார்கள். அதைப் பார்த்ததும் லிடியா சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"நான் இதுல ஏற மாட்டேன் மாமா."

"ஏண்டி?"

"அப்பாவ கரியாலூர்லேர்ந்து இதுலதான எறக்கினாங்க. வூட்டுல வந்து பிரிச்சா..." மூச்சு அவளை முடிக்க விடவில்லை.

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பயப்படாதே என்று சொல்லியிருக்கலாம். பயந்துபோய் நிற்கிறவன் சொன்னால் பிள்ளைக்குத் தெரியாதா?

நானே தூளிக்குள் ஏறி உட்கார்ந்தேன். "தூக்குங்கடா."

சின்னக்கண்ணுவும் பூமாலையும் தூக்கினார்கள். மூங்கில் முனகியது.

"இன்னா மச்சான், ஒடைக்கிற கல்லயெல்லாம் நீயே துன்னுடுறியா? இந்தக் கனம் கனக்குற!" என்றான் பூமாலை.

வாசலை ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார்கள். "பாரு, உசுரோடதான் எறங்கிக்கினு இருக்கேன்."

லிடியா சிரிக்கவில்லை. தூளியையே பார்த்தாள்.

"உக்காந்துதான் வருவேன். படுக்க மாட்டேன். மூஞ்ச மூடக் கூடாது. நீதான் முன்னால தூக்கணும்."

"செரி, வா."

பூமாலை பின்பக்கம் தோள் கொடுத்தான். சின்னக்கண்ணு மாற்று ஆளாகக் கூட வந்தான். அக்கா ஜெபம் முணுமுணுத்துக்கொண்டே ஓடிவந்தாள். எனக்குக் காது மட்டும் முதுகுப் பக்கமே இருந்தது.

"லிடியா?"

"இருக்கேன்."

கொஞ்ச தூரம் போய் மறுபடி கேட்டேன். பதில் இல்லை. சட்டென்று நின்றேன். திரும்பிப் பார்த்தேன்.

"தண்ணி குடிச்சேன். நட."

முதல் மரத்தின்மேல் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து, தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தார்.

"பொணமாப்பா? எந்த ஊரு?"

எதை யாரும் கேட்டுவிடக் கூடாது என்று வந்தேனோ, அதையே கேட்டுவிட்டார். வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னாலிருந்து இழுத்து இழுத்து ஒரு குரல் வந்தது.

"பொணம்... உக்காந்துக்கினா போவும்?"

மரத்தின்மேல் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "நல்லாக் கேட்டுச்சிய்யா! எறங்கிப் புடி!" என்றான் ஒருவன். துண்டைப் பிடித்திருந்தவருக்கு முகம் செத்துப்போனது.

"தப்பா கேட்டுட்டேம்மா, மனசுல வச்சிக்காத," என்றபடி அவரே முதலில் மூங்கிலைப் பிடித்தார். தூளி ஆடாமல் கைமாறி மரத்தைத் தாண்டியது.

"அந்தாண்ட இன்னும் ஒரு மரம் கெடக்குது. அதத் தாண்டி பால் வண்டி ஒண்ணு மாட்டிக்கினு நிக்குது. டவுனுக்குத் திருப்பச் சொல்றேன், வாங்க!"

அவர் கத்திக்கொண்டே முன்னால் ஓடினார். "வழி உடுங்கப்பா! புள்ள உக்காந்துக்கினு வருது!"

வெயில் மஞ்சளாகியிருந்தது. தோள் மாற்றிக்கொண்டேன்.

"லிடியா?"

"எத்தினி வாட்டி கேப்ப? வண்டி போயிடப் போவுது மாமா, நட."