முதற்பிரதி பெறுபவர்

நோபேட் இருபது வருடமாகக் கதை எழுதுகிறான். புலம்பெயர்ந்து வந்த ஊரில், மங்கரே விமான நிலையத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவை. வாசித்தவர்கள் என்று பார்த்தால் மனைவி மேர்சியும், வேறு வழியில்லாமல் பிழை திருத்திக் கொடுத்தவரும்தான். இப்போது முதல் தொகுதி வரப்போகிறது. வெளியீடு அடுத்த மாதம், பிளாக்ஹவுஸ் பேயில் ஒரு மண்டபத்தில். மனிதனுக்குத் தலைகால் புரியவில்லை. கோயில் ஆட்களின் வட்சப் குழுவில் தினமும் ஒரு கதையிலிருந்து ஒரு பந்தியைப் போட்டான். பூங்கொத்துகளும் கும்பிட்ட கைகளும் வந்து குவிந்தன.

செவ்வாய்க்கிழமை போட்டது நாலாவது கதை. வேலை போனதை மனைவிக்குச் சொல்லாமல், மூன்று மாதம் சாப்பாட்டுப் பெட்டியோடு வீட்டை விட்டுப் புறப்பட்டுக் கடைத்தொகுதிக் கார் தரிப்பிடத்தில் பொழுதைக் கழித்த ஒருவனின் கதை. பதினொரு வருடத்துக்கு முன் கூட்டாளி ஆனந்தராசா அவனிடம் மட்டும் சொன்ன விஷயம் அது.

நோபேட் கவனமாகத்தான் இருந்தான். பெயரை மாற்றினான். யாழ்ப்பாணத்தானை மன்னாரானாக்கினான். ஆனந்தராசாவின் பெட்டி மூடியில் சிவப்புக் கியூடெக்ஸ் நகப்பூச்சால் போட்டிருந்த நட்சத்திரத்தை மட்டும், கதைக்கு அழகாக இருக்கிறது என்று விட்டுவிட்டான். கோயில் விருந்துகளில் பாத்திரம் மாறிப்போகாதிருக்க ஒவ்வொரு வீடும் ஓர் அடையாளம் போடும். அந்த நட்சத்திரம் யார் வீட்டுடையது என்று அங்கே பாத்திரம் கழுவிய அத்தனை பெண்களுக்கும் தெரியும். நம் எழுத்தாளர்தான் ஒருநாளும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தவரில்லையே.

ஞாயிற்றுக்கிழமை அழைப்பிதழோடு பக்குரங்காவிலிருந்த ஆனந்தராசா வீட்டுக்குப் போனான். 'முதற்பிரதி பெறுபவர்: திரு. ஆனந்தராசா' என்று அதில் அச்சாகியிருந்தது. அப்படிப்பட்டவரை வீடு தேடிப் போய்த்தான் அழைக்க வேண்டும்.

கதவைத் திறந்த ஆனந்தராசாவின் மனைவி புஷ்பவதியிடம் வழக்கமான சிரிப்பில்லை.

"இருங்கோ அண்ணை. இவர் குளிக்கிறார்."

எதிரே உட்கார்ந்தாள். "அந்தக் கதையிலை வாற மனுசன் மழை நாளிலை எங்கை இருந்தவர்?" என்று கேட்டாள்.

நோபேட் அவசரமாகச் சொன்னான்: "அது கற்பனை, தங்கச்சி."

"ரெண்டு பேர் ஃபோன் எடுத்து அது இவரோ எண்டு கேட்டிட்டினம். எனக்கு இவ்வளவு நாளும் தெரியாது அண்ணை. அந்த நேரம்தான் நான் புது சோபா வேணும் எண்டு ஒற்றைக்காலிலை நிண்டனான். நீங்கள் இருக்கிறது அதிலைதான்."

அவனுக்கு எழும்பவும் முடியவில்லை, இருக்கவும் முடியவில்லை. ஒருத்தன் தன்னை நம்பிச் சொன்னதை இப்படிக் கடை பரப்பிவிட்டோமே என்று நெஞ்சு எரிந்தது.

ஆனந்தராசா தலையைத் துவட்டியபடி வந்தான். புஷ்பவதி உள்ளே போனாள். ஆனந்தராசா அழைப்பிதழை இரண்டு கையாலும் வாங்கி முழுவதையும் வாசித்தான்.

"மச்சான், அந்தக் கதையை எடுத்துவிடுறன்," என்றான் நோபேட்.

"புத்தகம் அடிச்சாச்சுத்தானே?"

"ஓம்."

"பிறகென்னத்தை எடுக்கிறது?"

"உனக்கு விருப்பமில்லையெண்டா முதற்பிரதிக்கு வேறை ஆளைக் கேக்கிறன்."

ஆனந்தராசா அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தான். கோபம் இருந்திருந்தால் நோபேட் தாங்கியிருப்பான். அந்த முகத்தில் களைப்புத்தான் இருந்தது.

"இந்த அழைப்புக் காட் எல்லா வீட்டுக்கும் போயிட்டுது. நான் வராட்டி, அது நான்தான் எண்டு சனம் முடிவு கட்டிடும். வந்தால் நாலு பேருக்காவது சந்தேகம் இருக்கும். வாறன். சிரிச்சுக்கொண்டு வாங்கிறன். படமும் எடுத்துப் போடு."

நோபேட் அவனுடைய கையைப் பிடிக்கப் போனான். ஆனந்தராசா எழுந்து போய் வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான்.

"அதுக்குப் பிறகு இந்த வீட்டுக்கு வராதை, நோபேட்."

இத்தனை வருடமும் மச்சான் என்றே கூப்பிட்டவன், நோபேட்டைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.