ஷீபா சொன்ன கிழமை

ஷீபாவுக்கு இருபத்துநாலு வயது. தானாகக் குளிக்கத் தெரியாது, பசித்தால் கேட்கவும் தெரியாது. ஆனால் எந்த வருஷத்துத் தேதியைக் கேட்டாலும், கேட்ட வாய் மூடுமுன் கிழமை வந்து விழும். திருப்புலிவனத்தில் கல்யாணத்துக்கு நாள் பார்க்கிறவர்கள்கூட காலண்டரைத் தேடாமல் அவளிடம்தான் வருவார்கள். வந்த காரியம் முடிந்ததும் "லூசு" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். நன்றிகெட்ட ஜனங்கள்.

அவள் அம்மா சிட்டம்மாளுக்குக் கர்ப்பப்பையில் புற்றுநோய். ஆறு மாதம் தாண்டினால் அதிசயம் என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். புருஷனும் இல்லை. தனக்குப் பிறகு மகளுக்குச் சோறு ஊட்ட நாதியில்லை. ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு விடுதியில் சேர்த்துக்கொள்வார்கள், மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் குறைபாடு எழுபத்தைந்து சதவீதமாவது இருந்தால். அந்தக் காகிதத்துக்காகத்தான் மகளைக் கூட்டிக்கொண்டு உத்திரமேரூர் மருத்துவ முகாமுக்கு வந்தாள்.

"டாக்டராண்ட தேதி கீதி சொல்லிடாத கண்ணு. வாயே தொறக்காத" என்று பஸ்ஸில் வழியெல்லாம் படித்துப் படித்துச் சொன்னாள். ஷீபாவும் திறக்கவில்லை. டாக்டர் பேனாவைக் காட்டினார், படத்தைக் காட்டினார். அவள் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் ஏறலம்மா. வெறும் ஜடம்" என்றபடி டாக்டர் எழுதப் போனார்.

அதோடு விட்டிருக்கலாம். நுணலும் தன் வாயால் கெடும். ஆனால் பெற்ற வயிறு எப்படிப் பொறுக்கும்?

"இன்னா சார், எம்பொண்ண ஜடம்னு சொல்லிக்கினு கீற? எந்தத் தேதி வோணா கேளு! அவ மாரி உன்னால சொல்ல முடியுமா?"

டாக்டர் சிரித்துக்கொண்டே தன் கல்யாணத் தேதியைச் சொன்னார். 1998 செப்டம்பர் ஏழு. ஷீபா அம்மாவைப் பார்த்தாள்.

"சொல்லு கண்ணு."

"திங்கக்கெழம."

செல்போனில் சரிபார்த்த டாக்டர் நர்சைக் கூப்பிட்டார். நர்ஸ் கேட்டாள், வரிசையில் நின்றவர்கள் கேட்டார்கள். ஒன்றுகூடத் தப்பவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். ஷீபாவுக்கு அதுவரை யாரும் கைதட்டியதில்லை. அவளும் சேர்ந்து தட்டினாள். சிட்டம்மாளுக்கு ஒரு நிமிஷம் நோவும் சாவும் மறந்தே போயிற்று.

"இவ்ளோ மூளை இருக்கிற பொண்ணுக்கு எழுபத்தஞ்சு எப்படிம்மா போடுறது?" டாக்டர் ஐம்பது என்று எழுதிச் சீல் குத்தினார்.

சிட்டம்மாள் அவர் காலைப் பிடித்தாள். "தெரியாம சொல்ட்டேன் சார். அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார். நீ சொன்னதுதான் சார், ஜடம்தான் சார்."

"எழுந்திரும்மா. எட்டு மாசம் கழிச்சு, அடுத்த வருஷம் பிப்ரவரி பன்னெண்டு திரும்ப முகாம் இருக்கு. அப்போ கூட்டிக்கிட்டு வா, மறுபடியும் பார்க்கலாம்."

"வியாழக்கெழம" என்றாள் ஷீபா. சொல்லிவிட்டு அம்மா முகத்தையே பார்த்தாள்.

சிட்டம்மாள் கைதட்டினாள்.